பிள்ளை படிக்கப் போகும் ஊர்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய வட்டாரக் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியும், உரத்தைப் பற்றியும், ஏரி மராமத்தைப் பற்றியும் நாம் பலமுறை இங்கே கூடிப் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்டுள்ள பொருள் வேறு. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளையை எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த ஊரில் சேர்ப்பது என்பதே அது. இது கல்வித் துறையின் வேலையாயிற்றே, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு இதில் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். மே, ஜூன் மாதங்களில் நம் அலுவலகத்துக்கு வருகின்றவர்களில் பலர், வந்த வேலை முடிந்த பிறகு, சற்றே தயங்கி நின்று இதைத்தான் கேட்கின்றனர். "இரண்டு ஊரில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது, ஐயா, எதில் சேர்க்கலாம்?" என்பது அவர்கள் கேள்வி. அந்தக் குடும்பத்தின் மூன்று நான்கு ஆண்டு வருமானமும், சில வேளைகளில் பாட்டன் வைத்துவிட்டுப் போன நிலமும், அந்த ஒரு விடையைச் சார்ந்து நிற்கின்றன. கிராமத்தின் நலத்துக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறு எதுவாக இருக்க முடியும்?

நெல்லின் பெயரில் ஊர்

நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குவோம். நாம் விதைக்கும் நெல் ரகங்களின் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'ஏ.டி.டி.' என்றால் ஆடுதுறை, 'கோ' என்றால் கோயம்புத்தூர், 'ஏ.எஸ்.டி.' என்றால் அம்பாசமுத்திரம், 'டி.பி.எஸ்.' என்றால் திருப்பதிசாரம், 'பி.எம்.கே.' என்றால் பரமக்குடி; 'டி.ஆர்.ஒய்.' என்றால் திருச்சிராப்பள்ளி. ஒரே நெல்லை ஆராய்வதற்கு இத்தனை ஊர்கள் ஏன்? மண்ணும் நீரும் பருவமும் ஊருக்கு ஊர் மாறுபடுவதே காரணம். வானம் பார்த்த சீமைக்கு ஏற்றதைப் பரமக்குடியில் தேடினார்கள். களர் நிலத்தைத் தாங்கக்கூடியதைத் திருச்சியில் தேடினார்கள். விதை எவ்வளவு உயர்ந்ததாயினும், அது விழுகின்ற நிலத்தைப் பாராமல் எந்த விவசாயியும் விதைப்பதில்லை.

ஆனால் பிள்ளையின் படிப்பு என்று வரும்போது இந்த அறிவை நாம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். பட்டத்தின் பெயரைக் கேட்கிறோம், கல்லூரியின் பெயரைக் கேட்கிறோம், கட்டணத்தைக் கேட்கிறோம். அந்தக் கல்லூரி எத்தகைய ஊரில் இருக்கிறது, அங்கே பிள்ளை எப்படி உண்டு, உறங்கி, நடமாடப் போகிறது, யாரோடு பழகப் போகிறது என்பவற்றைக் கேட்பவர் சிலரே. வகுப்பறையில் பிள்ளை இருப்பது நாளில் ஐந்தாறு மணி நேரந்தான். மீதி நேரத்தை அந்த ஊரே வளர்க்கிறது. ஆகவே பல்கலைக்கழகங்களை ஒப்பிடும்போது அவை இருக்கும் ஊர்களையும் ஒப்பிட வேண்டும் என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்புவது.

முன்பு இந்தத் தொல்லை இருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இலும் தோன்றின. 1966இல் மதுரையில் ஒன்று ஏற்படும் வரை நம் மாநிலத்தில் பல்கலைக்கழகங்கள் அவ்விரண்டே. பிறகு 1982இல் கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன், 1985இல் காரைக்குடியில் அழகப்பா, 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார், 1997இல் சேலத்தில் பெரியார் என்று பெருகின. கல்வி நம் வாசலுக்கு அருகில் வந்திருக்கிறது. அதனாலேயே தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் நம் தலைமேல் வந்திருக்கிறது.

ஒரே பட்டம், பல ஊர்கள்

நம் விவசாயிகளுக்கு நெருக்கமான வேளாண்மைப் படிப்பையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரில் இருக்கிறது. அதன் உறுப்புக் கல்லூரிகள் மதுரையிலும், திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டிலும், தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளத்திலும், வேறு சில இடங்களிலும் இருக்கின்றன. பாடத்திட்டம் ஒன்று, பட்டமும் ஒன்று. அப்படியானால் எங்கே சேர்ந்தாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல.

கோயம்புத்தூரைப் பாருங்கள். சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி, 1906இல் கோவைக்குக் கல்லூரியாக வந்து, 1971இல் பல்கலைக்கழகம் ஆயிற்று. அருகிலேயே 1912இல் ஏற்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. பைக்காரா மின்சாரம் 1930களில் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்குப் பழுது பார்க்கப் பட்டறைகள் தோன்றின. பட்டறைகளிலிருந்து மோட்டார், பம்பு செட்டுத் தொழில் வளர்ந்தது. நம் கிணற்றில் ஓடும் மோட்டாரில் ஒட்டியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்தாலே இது விளங்கும். ஆராய்ச்சியிலோ, பண்ணைக் கருவிகளிலோ, விதைத் தொழிலிலோ நாட்டமுள்ள பிள்ளைக்கு இவ்வூர் தெருவெல்லாம் பாடம் சொல்லும். ஆனால் இது பெருநகரம். விடுதிக்கு வெளியே அறை எடுத்தால் வாடகை மிகுதி. சாப்பாட்டுச் செலவும் மிகுதி.

மதுரை வேளாண்மைக் கல்லூரி 1965இல் ஏற்பட்டது. யானைமலையின் பக்கத்தில் இருக்கிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்து வந்து வைகையோடு சேர்ந்து பாயும் பாசனப் பகுதி அது. அணை நீர், கண்மாய் நீர், கிணற்று நீர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். பாசனத்தில் பிள்ளைக்கு ஆர்வம் இருப்பின் அதுவே நல்ல இடம்.

திருச்சிக் கல்லூரி இருப்பது களர் நிலத்தில். கல்லூரி வயலே சீர்திருத்த வேண்டிய வயல். நம் ஊரில் வெள்ளை பூத்துக் கிடக்கும் நிலத்தை மீட்க எண்ணுகின்ற பிள்ளை அங்கே கற்பதைப் புத்தகத்தில் கற்க முடியாது. மேலும், திருச்சி மாநிலத்தின் நடுவில் இருப்பதால், எந்தத் திசையிலிருந்தும் இரயிலும் பேருந்தும் உண்டு. அவசரமென்றால் பிள்ளை இரவோடு இரவாக வீடு வந்து சேரலாம்.

கிள்ளிகுளம் வல்லநாட்டை அடுத்த கிராமப்புறம். தாமிரபரணிப் பாசனம். அடுத்த பெரிய ஊர் பாளையங்கோட்டை. நகரத்தின் ஆரவாரம் இல்லை. செலவழிக்க வழியும் குறைவு. அமைதியாகப் படிக்கும் பிள்ளைக்கு அது வரம். நாலு பேரோடு பழகி, மாலையில் வேறொரு தொழிலோ மொழியோ கற்க விரும்பும் பிள்ளைக்கு அது குறை.

இனிச் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர். அங்கே வேளாண்மைப் படிப்பு வேறொரு பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. அப்பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அரசின் பொறுப்பில் வந்தது. தொடக்கத்திலிருந்தே மாணவர்கள் தங்கிப் படிப்பதற்கென அமைந்த ஊர் அது. இரயில் நிலையம் அருகில். விடுதியும் வகுப்பும் நூலகமும் நடை தூரத்தில். காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியாதலால், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வடியாத வயலை மாணவன் கண்ணால் காண்பான். பரங்கிப்பேட்டையில் அதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. கடலோரக் கிராமத்துப் பிள்ளைக்கு இது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால் நாம் விடை கூறுவதற்கில்லை. எந்த நிலத்துக்கு என்று கேளாமல் எந்த ரகம் சிறந்தது என்று கேட்பதைப் போன்றதே அது. பிள்ளையின் நாட்டமும், குடும்பத்தின் வசதியும் தெரிந்தால்தான் விடை பிறக்கும்.

பெயர் ஓரிடம், கட்டடம் வேறிடம்

இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டத்தில் அச்சாகும் பல்கலைக்கழகத்தின் பெயர் வேறு; பிள்ளை வாழப்போகும் ஊர் வேறு. 1978இல் ஏற்பட்ட அண்ணா பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கிறது. அதனோடு இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளோ மாநிலம் முழுவதிலும், பல நெடுஞ்சாலை ஓரப் பொட்டல்களிலும் இருக்கின்றன. "அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்து புறப்படும் குடும்பம், எந்த ஊரில் இறங்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம்.

பல்கலைக்கழக வளாகங்களும் அப்படியே. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் மதுரைக்கு மேற்கே நாகமலையை ஒட்டி இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலிக்கு வெளியே அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. திருச்சிப் பெயரைத் தாங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் தஞ்சைச் சாலையில் துவாக்குடியருகே இருக்கிறது. ஊரின் வசதிகள் எல்லாம் வளாகத்தின் வாசலுக்கு வந்துவிடுவதில்லை. விடுதியில் இடம் உண்டானால் கவலையில்லை. இல்லையாயின், நாள்தோறும் ஊரிலிருந்து வளாகம் போய்வரும் செலவும் நேரமும் கணக்கில் சேர வேண்டும்.

பட்டப்பெயர்களைக் கண்டும் மயங்க வேண்டுவதில்லை. கும்பகோணத்தைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்பர். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்பர். கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் தோன்றியது. பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி 1878இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் ஏற்பட்டன. பெண்களுக்குச் சாராள் தக்கர் கல்லூரி உண்டு. ஒரு சிற்றூரில் பல கல்லூரிகள் கூடியிருப்பதில் உண்மையான பயன் இருக்கிறது. புத்தகக் கடை இருக்கும். மாணவருக்கேற்ற விலையில் சாப்பாடு கிடைக்கும். ஊராரும் மாணவரை அந்நியராகப் பாரார். ஆயினும் நம் பிள்ளை சேரும் துறையில் இன்று போதிய ஆசிரியர் உண்டா, சோதனைக்கூடம் நடக்கிறதா என்பதைப் பழைய பட்டப்பெயர் சொல்லாது. அதை நேரில் கேட்டே அறிய வேண்டும்.

யாரைச் சந்திப்பான்?

கணித மேதை இராமானுஜனின் வரலாறு இங்கே கருதத்தக்கது. கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவர் கைக்குக் கிடைத்த ஒரு கணித நூலே அவருக்கு வழிகாட்டியாயிற்று. 1904இல் அவ்வூர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார்; கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமையால் அதை இழந்தார். 1906இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் வெற்றி பெறவில்லை. பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சென்னையில் அவருடைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, இது சாதாரணமானதன்று என்று சொல்லக்கூடிய மனிதர்கள் கிடைத்தனர். 1912இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் அவர் எழுத்தர் வேலையில் அமர்ந்தபோது, அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரே கணிதம் கற்றவர். 1913இல் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் போயிற்று. 1914இல் இராமானுஜனே போனார்.

கும்பகோணம் தாழ்ந்தது, சென்னை உயர்ந்தது என்பது இதன் பொருளன்று. நூலைத் தந்தது கும்பகோணம். நூலறிந்த மனிதரைத் தந்தது சென்னை. நம் பிள்ளை எல்லாரும் இராமானுஜன் ஆகப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும், "நீ செய்வது நன்று, இந்த வழியாகப் போ" என்று சொல்லும் ஒருவர் தேவை. அத்தகையவர்கள் உள்ள ஊரா என்று கேட்பது வீண் கேள்வியாகாது. அந்த ஊரில் பிள்ளையின் படிப்பைச் சார்ந்த தொழில் நடக்கிறதா, பயிற்சிக்குப் போக இடமுண்டா, பொது நூலகம் உண்டா என்பவையும் அதே கேள்வியின் கிளைகளே.

கட்டணம் மட்டும் கணக்கன்று

இனிப் பணத்துக்கு வருவோம். பெரும்பாலோர் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுகின்றனர். கணக்கு விளங்குவதற்காக நாமே சில தொகைகளை வைத்துப் பார்ப்போம். ஒரு கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 15,000 ரூபாய். ஆனால் விடுதி இல்லை. வெளியே தங்கி உண்ண மாதம் 6,000 வீதம் 10 மாதத்துக்கு 60,000. வீடு தூரம், ஆண்டில் 8 முறை வந்துபோக, முறைக்கு 1,500 வீதம் 12,000. ஆக மொத்தம் 87,000 ரூபாய்.

மற்றொரு கல்லூரியில் கட்டணம் இரட்டிப்பு, 30,000. ஆனால் வளாகத்துக்குள் விடுதி. மாதம் 3,500 வீதம் 10 மாதத்துக்கு 35,000. வீடு அருகில், 12 முறை வந்துபோக, முறைக்கு 300 வீதம் 3,600. ஆக மொத்தம் 68,600 ரூபாய். கட்டணம் குறைந்த கல்லூரியே ஆண்டுக்கு 18,400 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறது. நான்கு ஆண்டில் 73,600 ரூபாய். ஒரு கறவை மாட்டின் விலையை, ஊரைப் பாராத குற்றத்துக்காக நாம் கொடுத்துவிடுகிறோம்.

சலுகைகளையும் இக்கணக்கில் எழுத வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் ஏற்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022இலும், மாணவர்க்கு அதே போன்ற திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் கல்லூரி மாணவர் விடுதிகள் எல்லா ஊர்களிலும் இல்லை. உள்ள ஊர்களிலும் இடம் அளவானதே. எந்த ஊரில் அவ்விடுதி இருக்கிறது என்பதே சில குடும்பங்களுக்கு ஊரைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிடும். ஆதலின் விண்ணப்ப நாளைத் தவறவிடலாகாது.

அடுத்தது நேரக் கணக்கு. வீட்டிலிருந்தே போய்வரலாம், விடுதிச் செலவு மிச்சம் என்று எண்ணுகிறோம். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி என்றால் நாளுக்கு 5 மணி. ஆண்டில் 180 நாள் கல்லூரி நடந்தால் 900 மணி. இரவும் பகலுமாகக் கணக்கிட்டால் 37 நாளுக்கு மேல் பிள்ளை பேருந்திலேயே வாழ்கிறது. மாலையில் நூலகம் இல்லை, விளையாட்டு இல்லை, ஆசிரியரை ஐயம் கேட்க நேரம் இல்லை. ஒரு மணி நேரப் பயணம் வேறு, இது வேறு.

"அங்கே நம் உறவினர் வீடு இருக்கிறது" என்பதும் அடிக்கடி கேட்கும் சொல். உறவு நல்லதே. ஆயினும் நான்கு ஆண்டு என்பது நாலு நாள் விருந்தன்று. பெண் பிள்ளையானால், அந்த வீட்டின் அடுப்படி வேலையும் குழந்தையைப் பார்க்கும் வேலையும் அவள் பங்குக்கு வந்து சேர்வதைப் பல இடங்களில் காண்கிறோம். படிப்பு இரவு பதினொரு மணிக்குத் தொடங்குகிறது. உறவினர் வீட்டில் விடுவதானால், படிக்க ஒரு மேசையும், விளக்கும், நேரமும் அவளுக்கு உண்டா என்பதைப் பேசி முடிவு செய்துகொண்டு விடுங்கள்.

அருகில் இருப்பது வேறு, பாதுகாப்பு வேறு

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே கூற வேண்டியிருக்கிறது. இரண்டு ஊர்களில் இடம் கிடைத்தால், பெண்ணுக்கு அருகில் உள்ளதே போதும் என்று முடிவு செய்துவிடுகிறோம். அருகிலும் இல்லையாயின், படிப்பே வேண்டாம் என்கிறோம். நல்ல மதிப்பெண் பெற்ற பெண், விரும்பிய படிப்பில் இடம் கிடைத்தும், வீட்டில் தங்கிவிடுவதற்கு இதுவே பெருங்காரணம். பெற்றோரின் அச்சத்தை நாம் பழிக்கவில்லை. அச்சத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்கிறோம்.

பதினைந்து மைல் தொலைவில் ஒரு கல்லூரி. இரண்டு பேருந்து மாற வேண்டும். மாலைப் பேருந்து தவறினால் இருட்டில் கைகாட்டி மரத்தடியில் நிற்க வேண்டும். பிரிவு சாலையிலிருந்து ஊருக்கு ஒரு மைல் விளக்கில்லாத நடை. இருநூறு மைல் தொலைவில் மற்றொரு கல்லூரி, மதிலுக்குள் மகளிர் விடுதி, காப்பாளர் உண்டு, வகுப்பும் நூலகமும் விடுதியும் ஒரே வளாகம். இவற்றுள் எது பாதுகாப்பானது? அருகில் இருப்பதெல்லாம் பாதுகாப்பானது ஆகாது. தொலைவில் இருப்பதெல்லாம் அபாயமானதும் ஆகாது. மகளிர் கல்லூரிகளை நெடுநாளாக நடத்திவரும் ஊர்கள் பல நம்மிடம் உண்டு. மதுரையில் டோக் பெருமாட்டி கல்லூரி 1948இலும், திருச்சியில் சீதாலட்சுமி இராமசாமி கல்லூரி 1951இலும், கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இலும் தோன்றின. இத்தகைய ஊர்களில் பெண்கள் தங்கிப் படிப்பது புதுமையன்று; ஊர் அதற்குப் பழகியிருக்கிறது.

பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்தில் தொடங்கப்பட்டது. அது எல்லா வகைப் பேருந்துக்கும் உரியதன்று. ஆதலின் பிள்ளை ஏறும் பேருந்து எந்த வகை என்பதைக் கேட்டறிந்து கணக்கிட வேண்டும்.

போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

கேளாக் கடனும் பாராப் பயிரும் பாழ் என்பது பழமொழி. ஒரு கன்று வாங்கக்கூட நாலு சந்தை போய்வருகிறோம். பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். பிள்ளையைச் சேர்க்கும் ஊரையோ, வழவழப்பான ஒரு தாளில் உள்ள படத்தைப் பார்த்தே தீர்மானிக்கிறோம். தேர்வு முடிவு வரும் நாளில் காரில் வந்து இறங்கும் சேர்க்கைத் தரகர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கல்லூரியின் பெயருக்குப் பெருநகரத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்நகரம் அங்கிருந்து முப்பது மைல் இருக்கும்.

நம் வட்டாரத்தில் ஒரு குடும்பம் அப்படி முன்பணம் கட்டியது. போய்ப் பார்த்தபோது விடுதி என்று சொன்னது, சாலைக்கு அப்பால் வாடகைக்கு எடுத்த கொட்டகையாக இருந்தது. பையன் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பினான். போன ஆண்டும் திரும்பவில்லை; அடகு வைத்த நகையும் திரும்பவில்லை. இத்தகைய இழப்பு இன்னொரு வீட்டில் நேரக்கூடாது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், பெற்றோரில் ஒருவராவது பிள்ளையோடு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவர வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறோம்.

1. கல்லூரி வேலை நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கட்டடமும் அழகாகவே இருக்கும்.

2. நிலையத்திலிருந்து கல்லூரிக்குப் பேருந்திலேயே போங்கள். எத்தனை மணிக்குக் கடைசிப் பேருந்து என்று நடத்துநரைக் கேளுங்கள்.

3. விடுதியில் ஒருவேளை உண்ணுங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

4. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள்.

5. நம் மாவட்டத்திலிருந்து வந்து இரண்டாம், மூன்றாம் ஆண்டில் படிக்கும் மாணவர் இருவரிடமாவது தனியே பேசுங்கள். அலுவலக அறையில் கேட்பதைவிடத் தேநீர்க் கடையில் கேட்பதில் உண்மை அதிகம்.

6. பிள்ளை சேரும் துறையில் ஆசிரியர் எத்தனை பேர், சோதனைக்கூடம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

7. எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, அது நடப்பிலுள்ளதா என்பதை அப்பல்கலைக்கழகத்தின் பட்டியலிலேயே பாருங்கள்.

8. மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டுமேயன்றிக் கல்லூரி அவற்றை வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது.

இவ்வளவையும் பார்த்த பின், பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். நான்கு ஆண்டு அங்கே வாழப்போவது பிள்ளையே.

பஞ்சாயத்தின் பங்கு

ஒவ்வொரு குடும்பமும் நான்கைந்து ஊர்களுக்குப் போய்வர முடியுமா, கூலி வேலை செய்கின்றவர் எப்படிப் போவார் என்று நீங்கள் கேட்பது நியாயமே. பஞ்சாயத்து செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு குறிப்பேடு வைக்கலாம். நம் ஊரிலிருந்து எந்தப் பிள்ளை, எந்த ஊரில், என்ன படித்தது, மொத்தம் எவ்வளவு செலவாயிற்று, விடுதி எப்படி, படிப்பை முடித்ததா, இப்போது என்ன செய்கிறது என்பவற்றை, அவர்கள் இசைவு பெற்று அதில் எழுதலாம். விளம்பரத் தாள் சொல்லாததை அக்குறிப்பேடு சொல்லும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைக்கு மேல் செலவில்லை.

இரண்டாவது, மே மாதம் முதல் நாள் கிராம சபை கூடுகிறது. உயர்கல்விச் சேர்க்கைக்கு ஏற்ற காலமும் அதுவே. வெளியூரில் படிக்கும் நம் பிள்ளைகள் அன்று ஊரில் இருந்தால், அவர்களையே எழுந்து பேசச் சொல்லுங்கள். பள்ளித் தலைமையாசிரியரையும் அழையுங்கள்.

மூன்றாவது, ஒரே ஊருக்குப் போக எண்ணும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டியில் போய்வரலாம். செலவு பங்காகும், ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும். போக முடியாத தாய்மாருக்காக, விவரமறிந்த உறுப்பினர் ஒருவர் பிள்ளையோடு துணையாகப் போகலாம்.

நான்காவது, தினமும் போய்வரும் பிள்ளைகளுக்காகப் பேருந்து நேரத்தை மாற்றவோ, பிரிவு சாலையில் விளக்குப் போடவோ பஞ்சாயத்துத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம். ஒரு விளக்குக் கம்பம் ஒரு பெண்ணின் பட்டமாக மாறக்கூடும்.

அன்பர்களே! படித்து முடித்த பிள்ளை ஊருக்குத் திரும்புமோ, நகரத்திலேயே தங்கிவிடுமோ என்ற கவலையும் உங்களுக்கு உண்டு என்பதை அறிவோம். எங்கே தங்கினாலும், நல்ல ஊரில் நன்கு வாழ்ந்து படித்த பிள்ளை, தான் பிறந்த ஊரை அவ்வூரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அங்கே நூலகம் இருந்ததே, இங்கே ஏன் இல்லை. அங்கே குடிநீர் வந்ததே, இங்கே ஏன் வரவில்லை என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கிராம சபையில் எழுந்து கேட்கும் இளைஞரே நம் வளர்ச்சி வேலைக்கு மிகவும் வேண்டியவர்.

இவ்வாண்டு நம் வட்டாரத்திலிருந்து படிக்கப் போகின்ற பிள்ளை ஒவ்வொன்றும், தான் போகும் ஊரை முன்பே ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும்படி செய்வோம். அடுத்த கிராம சபைக்குள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.